விளையாட்டிலும் வருணாசிரமமா?

நமது பள்ளிக்கூடங்களில் விளையாட்டு நேரத்தில் நடப்பதென்ன? கை கால் வலுத்த பத்துப் பதினைந்து பையன்கள் மைதானத்தில் ஆடுகிறார்கள். மற்றப் பிள்ளைகள் ஓரத்தில் நின்று, வெளியே போகும் பந்தைப் பொறுக்கிக் கொடுக்கிறார்கள். பெண் பிள்ளைகள் மரத்தடியில் உட்கார வைக்கப்படுகிறார்கள். ஓடத் தெரியாதவனுக்கு வாத்தியார் "தண்டம்" என்று பட்டம் சூட்டுகிறார். தோற்று வந்தவனுக்கு வீட்டில் தகப்பனாரின் வசை காத்திருக்கிறது. சிலர் ஆடவும் பலர் ஏவல் செய்யவுமான இந்த ஏற்பாட்டிற்கும் மனுதர்மத்திற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறோம்.

இதற்குச் சொல்லப்படும் சமாதானம் "திறமை பிறவியிலேயே வர வேண்டும்" என்பதாகும். படிப்பும் பிறவியிலேயே வர வேண்டும் என்று சொல்லித்தானே நம்மவர்களை ஏடு தொடாமல் வைத்திருந்தார்கள்?

இந்தப் பிறவித் திறமையின் யோக்கியதையைச் சற்றுப் பார்ப்போம். கனடா தேசத்தில் பனித்தரை ஹாக்கி ஆட்டக்காரர்களின் பிறந்த மாதங்களை 1980களில் ஆராய்ச்சிக்காரர்கள் கணக்கெடுத்தார்கள். வருஷத்தின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்கள் மிகுதியாகவும், கடைசி மூன்று மாதங்களில் பிறந்தவர்கள் குறைவாகவும் இருக்கக் கண்டார்கள். ஜோசியனைக் கேட்டால் கிரகபலன் என்று சொல்லி தட்சணை வாங்கிக் கொள்வான். உண்மைக் காரணம் என்னவென்றால், அங்கே சிறுவர்களின் வயதுப் பிரிவு ஜனவரி 1ந் தேதியைக் கொண்டு கணக்கிடப்பட்டது. ஜனவரியில் பிறந்தவன் டிசம்பரில் பிறந்தவனைவிட ஏறக்குறைய ஒரு வருஷம் மூத்தவன். 9 வயதில் இது உயரத்திலும் பலத்திலும் பெரிய வித்தியாசமல்லவா? மூத்தவனைப் பொறுக்கியெடுத்துப் பயிற்சி கொடுத்து, இளையவனை வீட்டுக்கனுப்பிவிட்டு, பிறகு "பிறவித் திறமை" என்பது எவ்வளவு பெரிய புரட்டு!

திறமை இருந்தால் மாத்திரம் விட்டார்களா? தீண்டப்படாத வகுப்பில் பிறந்த பல்வங்கர் பாலு, 1911ல் இங்கிலாந்து சென்ற இந்திய கிரிக்கெட் கோஷ்டியில் நூறு விக்கெட்டுகளுக்கு மேல் வீழ்த்தினார். அவர் கைப்பட்ட பந்து ஜாதி ஹிந்துக்களுக்குத் தீட்டாகவில்லை. அவர் வாய் பட்ட கோப்பை மாத்திரம் தீட்டாகி, பூனாவில் அவருக்கு வெளியே தனி மண் குவளையில் தேநீர் கொடுக்கப்பட்டது. ஹிந்து கோஷ்டியின் தலைமைப் பதவியோ கடைசி வரை கிடைக்கவேயில்லை.

"போட்டியும் பரிசும் இல்லாவிட்டால் பிள்ளைகள் சோம்பேறிகளாவார்கள்" என்பாருமுண்டு. நார்வே தேசத்து விளையாட்டுச் சம்மேளனம் 1987லேயே சிறுவர் விளையாட்டுக்கு விதிகள் செய்தது. அங்கே 11 வயதுக்கு முன் வெற்றி தோல்விப் பட்டியல் கிடையாது. 13 வயதுக்கு முன் தேசியச் சாம்பியன் பட்டப் பந்தயம் கிடையாது. பரிசு கொடுத்தால் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுக்க வேண்டும். சுமார் 55 லட்சம் ஜனங்களே உள்ள அந்நாடு 2022ம் வருஷத்துக் குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கம் பெற்று முதலாவதாக நின்றது. அது பனிநாடு என்பது உண்மையே. ஆனால் பனி பெய்கிற நாடு அது ஒன்றுதானா?

நமது நாட்டிலும் 2009ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டுமென்கிறது. பிள்ளைகளை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடுக்கிறது. எனவே தோழர்களே! உங்களூர்ப் பள்ளிக்கூடத்துக்குச் சென்று கேளுங்கள். சேரிப் பிள்ளைக்கும், பெண் பிள்ளைக்கும், கால் ஊனமான பிள்ளைக்கும் ஆட முறை உண்டா என்று கேளுங்கள். விளையாட்டு நேரத்தைக் கணக்குப் பாடம் விழுங்குகிறதா என்று பாருங்கள். தோற்று வந்த மகனை ஏசாமல், "நாளைக்கும் போய் ஆடு" என்று சொல்லுங்கள். பந்தையே தொடவிடாமல் வைத்துவிட்டுப் பயங்கொள்ளி என்பது அயோக்கியத்தனம். பத்து வயதில் ஓரத்தில் நின்று பழகியவன், வளர்ந்த பிறகும் ஓரத்தில்தான் நிற்பான். சுயமரியாதை அங்கிருந்தே ஆரம்பிக்கட்டும்.