பட்டன் அமுக்க இரண்டு பேர் எதற்கு?

குறிஞ்சிப்பாடியில் ஒரு கல்யாண வரவேற்பு என்று வைத்துக்கொள்வோம். மேடைக்குப் பக்கத்தில் டி.ஜே. செட்டு. ஆள் உயர ஸ்பீக்கர்கள், மேசை மேல் ஒரு லேப்டாப், காதில் ஹெட்போன் மாட்டிய இரண்டு இளைஞர்கள். பந்தி முடிந்து கை கழுவி வருகிற பெரியவர் ஒரு நிமிடம் நின்று பார்ப்பார். "பாட்டு பெட்டிக்குள்ளதான் இருக்குது. பட்டன் அமுக்க ரெண்டு பேர் எதுக்குப்பா?" என்று கேட்பார்.

நியாயமான கேள்வி. பல வரவேற்புகளில் அதற்கு நியாயமான பதில் கிடையாது என்பதும் உண்மை. ஆனால் இதே மாதிரி மேசை, லேப்டாப், இரண்டு பேர் என்று தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் இசைத்தொழிலில் நிலைத்தவர்களும் இருக்கிறார்கள். டெல்லியைச் சேர்ந்த 'மிடிவல் பண்டிட்ஸ்' இரட்டையர் அப்படிப்பட்டவர்கள். கௌரவ் ரைனா, தபன் ராஜ் என்ற இருவர் 1997-இல் சேர்ந்து தொடங்கியது அது. அவர்கள் செய்வது மின்னணு நடன இசை. அதாவது, ஆடுவதற்கென்று கணினியிலும் மின்னணுக் கருவிகளிலும் உருவாக்கப்படும் இசை. அவர்களுடைய வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்தால் பெரியவரின் கேள்விக்குப் பாதி பதில் கிடைக்கும்.

அவர்கள் பெயரிலிருந்தே தொடங்கலாம். அந்தப் பெயர் ஒரு சிலேடை. இடைக்காலத்தைக் குறிக்கும் 'மிடீவல்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குள் 'மிடி' என்ற தொழில்நுட்பச் சொல்லைப் பொதித்திருக்கிறார்கள். மிடி என்பது இசைக்கருவிகளும் கணினியும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கான பொது மொழி. 1983-இல் அமெரிக்க, ஜப்பானியக் கருவித் தயாரிப்பாளர்கள் கூடி அதை வகுத்தார்கள். அதற்கு முன்பு ஒரு நிறுவனத்தின் கீபோர்டு சொல்வது இன்னொரு நிறுவனத்தின் கருவிக்குப் பெரும்பாலும் புரியாது.

மிடியில் ஒலி கிடையாது. முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். குறிஞ்சிப்பாடி கைத்தறி லுங்கிக்குப் பேர்போன ஊர் என்பதால் இதை இங்கே விளக்குவது சுலபம். ஒரு கட்டம் போட்ட லுங்கிக்கு எத்தனை இழை சிவப்பு, அடுத்து எத்தனை இழை நீலம், பிறகு எத்தனை வெள்ளை என்று ஒரு கணக்கு இருக்கும். அந்தக் கணக்கில் நூல் இல்லை. நூலைத் தறியில் ஏற்றினால்தான் துணி. அதே கணக்கை வைத்துக்கொண்டு சிவப்புக்குப் பதில் பச்சை போட்டால் வேறு லுங்கி வந்துவிடும்.

மிடியும் அப்படிப்பட்ட கணக்குதான். 60-ஆம் எண் ஸ்வரத்தை, 100 என்ற அளவு அழுத்தத்தில், இந்த நொடியில் தொடங்கு. அந்த நொடியில் நிறுத்து. இவ்வளவுதான் அது சொல்கிறது. ஸ்வரங்களுக்கு 0 முதல் 127 வரை எண்கள். எந்த ஒலியில் அதை வாசிப்பது என்பது வேறு முடிவு. பியானோ ஒலியைக் கொடுத்தால் பியானோ. மணி ஒலியைக் கொடுத்தால் மணி. இந்தக் கட்டளைகளை வரிசையாக அடுக்கி, சொன்ன வேகத்தில் தானாக ஓடவிடும் கருவிக்கு சீக்வென்சர் என்று பெயர். தமிழர்களுக்கு இது ஒன்றும் அந்நியமல்ல. 1986-இல் வந்த 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா இசையமைத்தபோதே சீக்வென்சர் பயன்பட்டுவிட்டது. 'ரோஜா' படம் வருவதற்கு ஆறு ஆண்டுகள் முன்பு.

ஆனால் இந்தக் கணக்குக்கு ஓர் எல்லை உண்டு. நம் இசையில் ஒரு ஸ்வரம் அடுத்த ஸ்வரத்துக்குத் தாவுவதில்லை, வழுக்கிக்கொண்டும் அசைந்துகொண்டும் போகிறது. அந்தக் கமகத்தை எண்ணாக மாற்ற மிடியில் வழி இருக்கிறது என்றாலும், கேட்டால் பொம்மை வாசிப்பது போல இருக்கும். ஆகவே ஒரு புல்லாங்குழல் கலைஞரை அழைத்து வாசிக்கச் சொல்லி ஒலிப்பதிவு செய்வதே நல்லது. அந்தப் பதிவிலிருந்து வெட்டியெடுக்கும் துண்டுக்கு சாம்பிள் என்று பெயர். துண்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டால் அது லூப். மிடிவல் பண்டிட்ஸ் இரட்டையரின் ஆல்பங்களில் அஜய் பிரசன்னாவின் பன்சூரிக் குழல், விஷால் வைத்தின் கஜல் குரல் போன்றவை இருப்பது இதனால்தான். கணினியால் எளிதில் ஆவதைக் கணினிக்கு விட்டார்கள். ஆகாததற்கு ஆளைத் தேடிப் போனார்கள்.

இனி, இந்துஸ்தானிக் குழலும் நடன அரங்கின் தாளமும் எப்படி ஒட்டுகின்றன என்ற கேள்வி. 'ஹவுஸ்' எனப்படும் நடன இசை வகை நிமிடத்துக்கு ஏறக்குறைய 120 முதல் 130 அடி வேகத்தில் ஓடும். 120 என்று கொண்டால் ஓர் அடிக்கு அரை நொடி. ஒவ்வோர் அடிக்கும் ஒரு 'தும்' விழும். ஆடுபவரின் கால் அதை நான்கு நான்காக எண்ணிக்கொள்ளும். இந்துஸ்தானி தீன்தாளுக்கு 16 மாத்திரை; நம் ஆதி தாளத்துக்கு 8. இரண்டும் நான்கின் மடங்கு. எனவே எட்டு நொடிக்கு ஒருமுறை தீன்தாளின் முதல் மாத்திரையான சமமும் நடன இசையின் சுற்றும் ஒரே புள்ளியில் வந்து சேரும்.

மிஸ்ர சாப்பை எடுத்துப் பாருங்கள். அதற்கு ஏழு. ஏழும் நான்கும் 28-ஆம் எண்ணிக்கையில்தான் மறுபடி சந்திக்கும். மிருதங்கக்காரருக்கு அது விருந்து. மண்டபத்தில் ஆடுகிற மாப்பிள்ளையின் நண்பர்களுக்கு அது கால்தடுக்கல். நடன இசையில் 4, 8, 16 என்ற கணக்கே திரும்பத் திரும்ப வருவது கற்பனைப் பஞ்சத்தால் அல்ல, அல்லது அதனால் மட்டும் அல்ல.

இன்னொரு பொருத்தம் சுருதி. மேற்கத்தியப் பாட்டில் அடியில் இருக்கும் ஸ்வரக்கூட்டு சில நொடிகளுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே போகும். அதன் மேல் ராகம் வாசிப்பது சங்கடம். நடன இசையோ பல நிமிடங்கள் ஒரே சுருதியில் நிற்கத் தயங்காது. அடியில் இழையும் மின்னணு ஒலி கிட்டத்தட்டத் தம்புராவின் வேலையைச் செய்துவிடுகிறது. மும்பையில் இசைத்துறையில் இயங்கிய சரண்ஜித் சிங் 1982-இலேயே பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வைத்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அப்போது யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 2010-இல் மறுவெளியீடு கண்ட பிறகுதான் உலகம் வியந்தது.

காலம் கூடிவருவது தனிக் கதை. 1990-களில் லண்டனில் தெற்காசியக் குடும்பங்களின் பிள்ளைகள் தபலாவையும் நடன இசையையும் கலந்தார்கள். 'ஏசியன் அண்டர்கிரவுண்ட்' என்று அதற்குப் பெயர் விழுந்தது. தபலாக் கலைஞர் தல்வின் சிங்கின் 'ஓகே' ஆல்பம் 1999-இல் பிரிட்டனின் மெர்க்குரி பரிசைப் பெற்றது. ரைனாவும் ராஜும் அதே போன்ற கலவையை டெல்லியிலிருந்து செய்தார்கள். 'சைபர் மெஹ்ஃபில்' என்ற பெயரில் நடன இரவுகள் நடத்தினார்கள். மெஹ்ஃபில் என்றால் ரசிகர்கள் நெருங்கி உட்கார்ந்து கேட்கும் சபை. 2002-இல் சான் பிரான்சிஸ்கோவின் சிக்ஸ் டிகிரீஸ் நிறுவனம் அவர்களின் முதல் ஆல்பத்தை வெளியிட்டது. வெளிநாட்டு இசை நிறுவனம் ஒன்று ஒப்பந்தம் செய்த முதல் இந்திய மின்னணு இசைக்குழு என்று அவர்களைக் குறிப்பிடுவது வழக்கம். பிறகு 2005-இல் 'மிடிவல் டைம்ஸ்', 2009-இல் 'ஹலோ ஹலோ', 2015-இல் 'லைட்'.

பதின்மூன்று ஆண்டுகளில் நான்கு ஆல்பம். இந்த எண்ணிக்கையை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது என்பதற்குப் பொருளாதாரம் படித்திருக்கத் தேவையில்லை. இத்தகைய இசையில் ஆல்பம் பெரும்பாலும் முகவரிச் சீட்டு மாதிரி. அதைக் கேட்டுவிட்டு மேடைக்கு அழைப்பு வரும்; சினிமாவுக்கும் அழைப்பு வரும். மீரா நாயரின் 'மான்சூன் வெட்டிங்' (2001) படத்தில் இவர்கள் இசை இடம்பெற்றது முதல் ஆல்பத்துக்கும் முன்பு. 2010-இல் 'கார்த்திக் காலிங் கார்த்திக்' இந்திப் படத்தின் பின்னணி இசையை கர்ஷ் காலேயுடன் சேர்ந்து செய்தார்கள். காலே இங்கிலாந்தில் பிறந்து நியூயார்க்கில் வளர்ந்த தபலாக் கலைஞர்; இவர்களுடைய நீண்டகாலக் கூட்டாளி. 2019-இல் வந்த 'கல்லி பாய்' படத்தின் ரயில் பாட்டிலும் ரகு தீட்சித், காலே ஆகியோருடன் இவர்கள் பெயர் உண்டு.

மேடையில் வேறொரு வேறுபாடு தெரியும். டி.ஜே. என்பவர் முடிந்துபோன பாட்டுகளை எடுத்து, வேகத்தைச் சமன்செய்து, ஒன்றின் வாலில் இன்னொன்றின் தலையைப் பொருத்துகிறார். அதுவும் திறமைதான்; கூட்டத்தின் முகம் படிக்கத் தெரிய வேண்டும். லைவ் செட் என்பது வேறு. அங்கே பாட்டு தனித்தனி அடுக்குகளாக லேப்டாப்பில் இருக்கும். தாளம் ஒன்று, அடிநாதம் ஒன்று, குரல் ஒன்று. எதை எப்போது சேர்ப்பது, எதை எடுப்பது என்பதை மேடையிலேயே முடிவு செய்வார்கள். பக்கத்தில் ஒரு தபலாக்காரர் அல்லது குழல்காரர் இருந்தால் அவர் நீட்டுகிற இடத்தில் கணினியும் நீட்ட வேண்டும். அந்த நேரத்தில் ஒருவர் தாளத்தையும் மற்றவர் மீதி அடுக்குகளையும் பார்த்துக்கொள்வது வசதி.

ஸ்டுடியோவில் இரண்டாவது ஆள் இன்னும் அவசியம் என்று எனக்குப் படுகிறது. எட்டு நொடித் துண்டை நானூறு முறை கேட்டவருக்கு அது நன்றாயிருக்கிறதா என்றே தெரியாமல் போய்விடும். அப்போதுதான் அறைக்குள் வருகிற இன்னொரு காது "இது வேண்டாம்" என்று சொல்ல வேண்டும். விஸ்வநாதன்–ராமமூர்த்தி இணை 1965-இல் பிரிந்தபோது யார் எதைச் செய்தார்கள் என்று தமிழ்நாடே விவாதித்தது; இன்றும் விவாதம் ஓயவில்லை. வேண்டாம் என்று தள்ளப்பட்ட மெட்டுகள் எந்தத் தட்டிலும் பதிவாகவில்லை என்பதால் அந்தக் கணக்கு தீரவும் தீராது.

குறிஞ்சிப்பாடி வரவேற்பில் நின்ற அந்த இரண்டு இளைஞர்கள் இதில் எந்த வகை என்பதைப் பெரியவர் அங்கேயே சோதித்துப் பார்க்கலாம். அடுத்த தடவை பறையடிப்பவர்கள் மண்டபத்துக்குள் வரும்போது, லேப்டாப்பின் வேகத்தைப் பறைக்கு ஏற்ப மாற்றுகிறார்களா, இல்லை வால்யூமைக் கூட்டுகிறார்களா என்று கவனித்தால் போதும்.