திருநீறு மாறாத திருமுகம்

பாபநாசம் சிவன் என்றதும் மூத்த தலைமுறையினரின் கண்முன் எழுவது, நெற்றி நிறைய நீறணிந்த ஒரு கனிந்த முகம். அந்த முகத்தை வீடுதோறும் கொண்டு சேர்த்தவை 1939ஆம் ஆண்டின் ‘தியாக பூமி’ திரைப்படக் காட்சிகள். கல்கியின் அந்தத் தொடர்கதை ஆனந்த விகடனில் வெளிவந்தபோது, ஓவியங்களுக்குப் பதிலாகத் திரைப்படத்தின் புகைப்படங்களே அச்சேறின. அவற்றில் சம்பு சாஸ்திரியாக விளங்கியவர் சிவன்.

செல்வத்தை இழந்தும் பக்தியை இழக்காதவர் அந்தச் சாஸ்திரியார். அவ்வேடத்துக்காகச் சிவன் பெரிதாக எதையும் புனைந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. 1890இல் தஞ்சை மாவட்டத்துப் போலகத்தில் ராமையாவாகப் பிறந்தவர், ஏழு வயதில் தந்தையை இழந்தார். தாயார் யோகாம்பாள் பிள்ளைகளுடன் திருவனந்தபுரம் சென்றார். அங்கே நீலகண்ட சிவனின் பஜனைகள் ராமையாவின் உள்ளத்தை ஆட்கொண்டன. 1910இல் தாயாரும் மறைந்தபின், ஊர் ஊராக, கோயில் கோயிலாகப் பாடித் திரிந்தார். மேனியெங்கும் நீறு பூசிய அவரைக் கண்ட மக்களே ‘சிவன்’ என்று அழைத்தனர். அவருடைய பக்தியை உருவாக்கிய அந்த ஆண்டுகள், புகைப்படக் கருவியின் வெளிச்சம் படாத ஆண்டுகள்.

பின்னர் மயிலை அவருடைய இருப்பிடமாயிற்று. மார்கழி வைகறைகளில் கபாலீசுவரர் கோயில் மாடவீதிகளில் அவர் பஜனை பாடி வந்தார். கபாலியின் திருவீதியுலாவில் உள்ளம் உருகி, ‘காணக் கண் கோடி வேண்டும்’ என்ற காம்போதி ராகக் கீர்த்தனையை இயற்றினார்.

எண்பது வயதைக் கடந்த பின்னரும் பெரும் விருதுகள் தேடி வந்தன. 1971இல் சங்கீத கலாநிதி, 1972இல் பத்மபூஷண். மறு ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். திரையில் நடித்த நாளிலும் விருது பெற்ற நாளிலும் நெற்றியில் துலங்கியது அதே திருநீறுதான்.

பழைய பஜனைக் கோஷ்டிப் படங்கள் இன்றும் பல இல்லங்களில் பெட்டிக்குள் உறங்குகின்றன. நடுவில் நிற்கும் பெரியவரை உலகம் அறியும். ஜால்ரா தட்டியவரையும், விளக்கேந்தியவரையும் அறிந்தோர் நாளுக்கு நாள் அருகி வருகின்றனர். அடையாளம் சொல்ல வல்ல மூத்தோர், அப்படங்களின் பின்புறம் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றைப் பென்சிலால் மென்மையாகக் குறித்து வைத்தல் நலம். அடியார் பெயரைக் காப்பதும் ஆண்டவன் திருப்பணியே.