கடல் கடந்தவனின் எண்

(இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

வெளிநாடு செல்பவன் எதையெல்லாம் எடுத்துச் செல்கிறான் என்று கேட்டால் பாஸ்போர்ட், விசா, ஊறுகாய், பருப்புப்பொடி என்று எல்லோரும் அடுக்கிவிடுவார்கள். எதை விட்டுச் செல்கிறான் என்றால் தாய், தந்தை, மனைவி, மக்கள் என்போம். இரண்டு பட்டியலிலும் சேராத ஒன்று உண்டு. அது அவனுடைய கைபேசி எண்.

என் அண்ணன் 2023-இல் சவுதி அரேபியாவிலுள்ள தம்மாம் நகருக்கு வெல்டிங் வேலைக்குச் சென்றார். புறப்படும் அன்று தம் சிம்மை அம்மாவின் பட்டன் போனில் போட்டுக் கொடுத்துவிட்டார். அங்கே சென்றதும் அந்நாட்டு எண் ஒன்றை வாங்கிக்கொண்டார். பேச்செல்லாம் அதிலிருந்துதான். வீட்டுச் செலவுக்கான பணம் அப்பாவின் கணக்குக்கு வரும். சேமிப்பு அண்ணனின் கணக்கிலேயே சேரும். பழைய எண் சும்மாதான் கிடந்தது. 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் கட்டணத்தை உயர்த்தியபோது, "பேசாத போனுக்கு எதுக்குடா பணம்?" என்று அம்மா கேட்டாள். எனக்கும் நியாயமாகவே பட்டது. ரீசார்ஜை நிறுத்தியவன் நான்தான்.

முன்பெல்லாம் தொலைபேசி எண் வீட்டுக்கு உரியதாக இருந்தது. ஆள் கடல் கடந்தாலும் எண் கூடத்து மேசையை விட்டு நகராது. இன்று எண் ஆளுக்கு உரியது. உரியது என்றா சொன்னேன்? அதுவும் தவறு. 2011 ஜனவரி 20 முதல், நிறுவனம் மாறினாலும் எண் மாறாது என்னும் வசதி நாடு முழுவதும் வந்தபோது, நம் எண் நமக்கே சொந்தம் என்று எண்ணிக்கொண்டோம். நிறுவனம் மாறினால் எண் நம்மோடு வரும். நாடு மாறினால்?

விதி இதுதான். தொண்ணூறு நாட்கள் பயன்படுத்தாத பிரீபெய்டு எண்ணைத் துண்டிக்கலாம். கணக்கில் 20 ரூபாய் இருப்பு இருந்தால் துண்டிக்கக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2013-லேயே பாதுகாப்புத் தந்திருக்கிறது. நல்ல விதி. ஆனால் இன்று நாம் கட்டும் பணம் முழுவதும் 'பேக்' என்ற பெயரில் போய்விடுகிறது. இருபது ரூபாய் தனியே எங்கே கிடக்கிறது? துண்டித்த எண்ணைத் தொண்ணூறு நாள் கழித்து வேறொருவருக்கு வழங்குவார்கள். 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றத்திலும் இது பேசப்பட்டது.

எங்கள் எண் தருமபுரிப் பக்கத்து டிராக்டர் ஓட்டுநர் ஒருவருக்குப் போய்ச் சேர்ந்தது.

அது எங்களுக்கு எப்படித் தெரிந்தது? வீட்டுக்கு மேல்தளம் போட முட்டுக் கொடுத்து, சென்ட்ரிங் பலகை அடித்து, கம்பியும் கட்டியாகிவிட்டது. அண்ணன் தம் கணக்கிலிருந்து பணம் அனுப்ப முயன்றார். ஓடிபி தருமபுரிக்குப் போயிற்று! நான் அந்த எண்ணை அழைத்து, "அண்ணா, இப்ப வந்த நம்பரைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்று கெஞ்சினேன். "யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு அதிலேயே போட்டிருக்கே, தம்பி" என்றார் அவர். அப்போது ஆத்திரம் வந்தது. இப்போது நினைத்தால், இந்த விவகாரத்தில் சரியாக நடந்துகொண்டவர் அவர் ஒருவரே.

வங்கியில், எண்ணை மாற்றக் கணக்குக்கு உரியவர் நேரில் வரவேண்டும் என்றார்கள். தம்மாமிலிருந்து! 2023 ஜனவரியிலேயே சவுதி உள்ளிட்ட பத்து நாடுகளின் எண்களைக் கொண்டு யுபிஐ பயன்படுத்தலாம் என்று அனுமதி வந்திருக்கிறது. ஆனால் அது என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்குகளுக்கு. அண்ணனுடையது ஊரில் தொடங்கிய சாதாரண சேமிப்புக் கணக்கு. வெளிநாடு சென்றவுடன் அதை மாற்றியிருக்க வேண்டும் என்பது சட்டம். அதை எங்களுக்குச் சொல்ல வீட்டில் படித்தவர் யார் இருந்தார்? பலகை வாடகை நாளுக்கு நாள் ஏறியது. ஐப்பசி மழையில் கம்பி துருப்பிடித்தது.

எண்கள் எல்லையற்றவை அல்ல, பயனற்றுக் கிடப்பதை மறுபடி வழங்கத்தான் வேண்டும் என்று நிறுவனங்கள் கூறுவதை நான் மறுக்கவில்லை. சிம்மைக் கையோடு கொண்டுபோய் ரோமிங் வசதியைத் தொடங்கி வைத்தால் குறுஞ்செய்தி பெரும்பாலும் இலவசமாகவே வரும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். உண்மைதான், வெளிநாடு செல்லும் நண்பர்கள் அப்படியே செய்யட்டும். ஆனாலும் ரீசார்ஜ் தொடர வேண்டும். பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் கொண்ட திட்டங்களைத் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் ஆணையம் உத்தரவிட்டது. அண்ணன் போன்றவர்களுக்குப் பேச்சும் வேண்டாம். செய்தி வந்து விழ ஒரு துவாரம் போதும். வேலை ஒப்பந்தத்தைக் காட்டினால், அது முடியும் வரை சிறு தொகைக்கு எண்ணை உயிரோடு வைத்திருக்கும் ஏற்பாடு ஏன் கூடாது?

இன்னொன்று. துண்டிக்கப்பட்ட எண்களின் பட்டியலைப் பார்த்துத் தம் பதிவுகளைச் சரிசெய்யுமாறு 2025 ஜனவரியில் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. ஆக, ஒரு எண் செத்துவிட்டது என்று வங்கிக்குத் தெரிய வழி இருக்கிறது. தெரிந்தால், கணக்குக்கு உரியவனுக்கு மின்னஞ்சலிலாவது ஒரு வரி எழுதக்கூடாதா? எண்ணையே ஒருவனின் கையெழுத்தாக ஆக்கியவர்கள், அந்தக் கையெழுத்து வேறொருவன் கைக்குப் போகும்போது வாய் திறக்காமல் இருப்பது முறையன்று.

தை மாதம் அண்ணன் விடுப்பில் வந்தார். அதில் மூன்று நாள் வங்கியிலேயே கழிந்தது. புதிய எண் வாங்கி, தளமும் போட்டாயிற்று. அம்மாவுக்கு மட்டும் இன்னும் பழைய எண்தான் மனப்பாடம். சென்ற வாரம் கை தவறி அதையே அழுத்திவிட்டாள். எடுத்தவர் குரலை அடையாளம் கண்டுகொண்டு கேட்டாராம்: "தளம் போட்டாச்சாம்மா?"