விழும் குடுவையும் எழும் வினாவும்

திருப்பெரும்புதூர் என்றதும் நம் முன்னோர்க்கு இராமாநுசர் பிறந்த ஊர் என்பது நினைவுக்கு வந்தது. இன்றைய இளைஞர்க்கோ வேலைவாய்ப்பு முகாம் நினைவுக்கு வருகிறது. இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார்கள் உருவாகின்றன. ஒரகடத்தில் லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும், சுங்குவார்சத்திரத்தில் ஐபோன்களும் உருப்பெறுகின்றன. இவற்றுக்கிடையே உள்ள வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்குவதற்கான குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஒரு சிற்றூர் அளவான மக்கள்தொகை அது! விடியற்காலையில் வரிசையாகச் செல்லும் கம்பெனிப் பேருந்துகளைக் காணும்போது, நம் வகுப்பறையில் நேற்று அமர்ந்திருந்த முகங்கள் சில அவற்றின் சன்னல்களில் தென்படுவதுண்டு.

இந்நிலப்பகுதி நம் பிள்ளைகளின் கைகளைக் கேட்கிறது. அவர்களுடைய வினாக்களைக் கேட்பதில்லை. அதற்காகத் தொழிற்சாலைகளைக் குறை கூறுதல் முறையன்று. வினாவை வளர்ப்பது அவற்றின் தொழில் அன்று. அது கல்லூரிகளாகிய நம் தொழில். அதனை நாம் செய்கின்றோமா என்பதே ஈண்டு எழும் கேள்வி.

2024 டிசம்பர் 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி.-சி60 ஏவப்பட்டது. செயற்கைக்கோள்களை இறக்கிவிட்ட பின் அதன் நான்காம் அடுக்கை வீணே விடாது, 350 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஆய்வு மேடையாக இஸ்ரோ பயன்படுத்தியது. எட்டுக் காராமணி விதைகள் நான்கு நாள்களில் அங்கே முளைவிட்டதைச் செய்தித்தாள்களில் பலரும் படித்திருப்பர். அதே மேடையில் பெங்களூரு ஆர்.வி. பொறியியல் கல்லூரியின் இளநிலை மாணவர் குழு உருவாக்கிய சிறு கருவி ஒன்றும் இருந்தது. மனிதக் குடலில் வாழும் பாக்டீரியா ஒன்று எடையற்ற நிலையில் எவ்வாறு வளர்கிறது என்று அளப்பதற்காக அமைந்தது அக்கருவி. பட்டமேற்படிப்பினர் அல்லர், ஆய்வறிஞர் அல்லர். நம் மாணவர்களின் வயதினரே அதனைச் செய்தனர். அதற்கும் முன்னர், 2017 ஜூன் 22 அன்று, கரூர் மாவட்டத்துப் பள்ளப்பட்டி மாணவர் ரிஃபாத் ஷாரூக்கும் தோழர்களும் செய்த 64 கிராம் எடையுள்ள ‘கலாம்சாட்’ நாசாவின் ஆய்வு ராக்கெட்டில் சென்று சில நிமிடங்கள் எடையற்ற நிலையில் இயங்கியது.

இவற்றைக் கேட்டதும் ‘நமக்கு ராக்கெட் எங்கே?’ என்று கை விரிப்போர் உளர். அவர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது, ராக்கெட் வேண்டியதில்லை என்பதே. இங்கேதான் தமிழ்த்துறையினராகிய நாமும் தலையிட வேண்டியிருக்கிறது. ஏனெனில் குழப்பத்தில் பாதி சொல்லால் வந்தது. ‘நுண்ணீர்ப்பு’ என்று நூல்கள் எழுதுகின்றன. ‘ஈர்ப்பு இல்லாத இடம்’ என்று செய்தித்தாள்கள் விளக்குகின்றன. உண்மை என்ன? பன்னாட்டு விண்வெளி நிலையம் சுற்றும் 400 கிலோமீட்டர் உயரத்திலும், தரையில் உள்ள புவியீர்ப்பில் நூற்றுக்கு 88 பங்கு அப்படியே இருக்கிறது. ஈர்ப்பு இல்லையேல் நிலையம் புவியைச் சுற்றாது, நேர்க்கோட்டில் போய்விடும். அது ஓயாது விழுந்துகொண்டேயிருக்கிறது. பக்கவாட்டு வேகம் மிகுதியாதலின் தரையைத் தொடாமல் விழுகிறது. உள்ளிருப்போரும் அதனுடன் சேர்ந்தே விழுவதால் எடையை உணர்வதில்லை. ஆகவே ‘வீழ்நிலை எடையின்மை’ என்று சொல்லிப் பார்த்தால் நீளம் மிகும். ஆனால் பொருள் விளங்கும். பொருள் விளங்கியதும், கதவும் திறக்கிறது: விழும் எப்பொருளும், விழும் அந்நேரத்திற்கு, ஒரு விண்வெளி ஆய்வுக்கூடமே.

ஜெர்மனியின் பிரெமன் நகரில் இதற்கென்றே கோபுரம் ஒன்று உண்டு. காற்று அகற்றப்பட்ட குழாயில் 110 மீட்டர் விழும் பெட்டிக்கு 4.74 விநாடி எடையின்மை கிட்டும். ஐக்கிய நாடுகள் அவை மாணவர் குழுக்களைத் தேர்ந்தெடுத்து அங்கு ஆய்வு செய்ய வாய்ப்பளித்து வந்துள்ளது. அவ்வளவு தொலைவு போவானேன்? சென்னை ஐ.ஐ.டி.யின் எரிதல் ஆய்வு மையத்தில் 2.5 விநாடி தரும் வீழ்கோபுரம் இருக்கிறது. நம் கல்லூரியின் மூன்றாம் மாடியிலிருந்து, 10 மீட்டர் கீழே மணலும் பஞ்சும் நிரப்பிய தொட்டியில் ஒரு பெட்டியை விட்டால் 1.4 விநாடி கிடைக்கும். காற்றின் தடையைத் தவிர்க்கப் பெட்டிக்குள் மற்றொரு பெட்டி வைப்பது அறிவியலார் கையாளும் முறையே. உள்ளே கண்ணாடிக் குடுவையில் எரியும் மெழுகுவத்தி. எதிரே ஒரு கைப்பேசி. சூடான காற்று மேலெழுவதால்தான் சுடர் நீண்டு நிற்கிறது. எடை இல்லையேல் மேல் ஏது, கீழ் ஏது? சுடர் உருண்டு, நீலம் பாய்ந்து, மங்குகிறது. விநாடிக்கு 240 படம் எடுக்கும் கைப்பேசி அந்த 1.4 விநாடியில் ஏறத்தாழ 340 படங்களைத் தரும். அதன் வயிற்றிலுள்ள முடுக்கமானியோ, மேசைமீது 9.8 என்று காட்டியதை வீழ்ச்சியின்போது சுழி அருகே கொண்டுவந்து பதிவு செய்யும். சுங்குவார்சத்திரத்துச் சகோதரிகள் நாள்தோறும் பூட்டி முடிக்கும் கருவியே இந்த ஆய்வுக்கூடம் என்பதை அவர்களுக்கு எவரேனும் சொல்லியிருக்கின்றோமா?

விண்வெளி விழா என்ற பெயரால் ஆயத்தப் பாகங்களை ஒரே நாளில் பூட்டவைத்து, கட்டணமும் பெற்று, சான்றிதழும் புகைப்படமும் தந்தனுப்பும் நிகழ்ச்சிகள் பெருகிவருகின்றன. பூட்டுதல் இப்பகுதிக்குப் புதிதன்று! அதனைக் கற்பிக்க ஒரு விழா தேவையில்லை. பெட்டி சாய்ந்து விழுந்து, சுடர் அணைந்து, ஏன் அணைந்தது என்று மாணவர்கள் மாலைவரை வழக்காடுவதையே நாம் கல்வி என்போம்.

அப்படி வழக்காடிய நம் இயற்பியல் மாணவர்கள் சிலரும் தமிழ் மாணவியர் இருவரும் இப்பகுதி அரசுப் பள்ளி ஒன்றிற்குச் சென்றனர். நாமும் உடன் சென்றோம். முதல் அரைமணி நேரம் வீணாயிற்று. இயற்பியலார் வாயில் ஆங்கிலச் சொல்லன்றி வேறு வரவில்லை. தமிழார்க்கோ பொருள் பிடிபடவில்லை. பின்னர் ஒரு தமிழ் மாணவி, அடியில் துளையிட்ட தண்ணீர்ப் பாட்டிலை விரலால் அடைத்தபடி பெஞ்சின்மேல் ஏறி நின்றார். விரலை எடுத்தார், நீர் பீறிட்டது. பாட்டிலையே விட்டார், விழும் வழியில் நீர் நின்றது. “விழும்போது தண்ணிக்கு வெயிட் இல்ல, அதான் வரல” என்றார். நம் துறைத்தலைவர் கேட்டிருந்தால் முகம் சுளித்திருப்பார், பிள்ளைகளுக்கோ விளங்கிவிட்டது.

கடைசி வரிசையிலிருந்து ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்தாள். “மேலே தூக்கிப் போட்டா, மேலே போறப்பவும் வெயிட் இருக்காதா அக்கா?”

எவரும் விடை கூறவில்லை. மூன்றாமாண்டு இயற்பியல் மாணவர் தம் கைப்பேசியில் முடுக்கமானிச் செயலியைத் திறந்தார். நான்கு பிள்ளைகள் போர்வையை விரித்துப் பிடித்தனர். கைப்பேசி மேலே சென்றது, வந்து விழுந்தது. அனைவரும் திரையைச் சூழ்ந்துகொண்டனர். கையை விட்ட கணத்திலிருந்து, ஏறும்போதும் இறங்கும்போதும், கோடு சுழியை ஒட்டியே கிடந்தது. சிறுமி மட்டும் திரையைப் பார்க்கவில்லை. போர்வையை இன்னும் இறுகப் பிடிக்குமாறு மற்றவர்களிடம் கூறிக்கொண்டிருந்தாள்.