படமும் பட்டாவும்

பழைய சென்னையின் படங்களைப் பார்த்துப் பரவசப்படுவோர் பெருகிவிட்டனர். கோட்டையின் கொத்தளம், கோயிலின் கோபுரம், கவர்னரின் மாளிகை, சீமான்களின் சாரட்டு வண்டி ஆகியவற்றைக் காட்டி, "அடடா, எப்படி இருந்த ஊர்!" என்று பெருமூச்சு விடுகின்றனர். விடட்டும்; நமக்கு வழக்கில்லை. நாம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: இந்த ஊரை உண்டாக்கினானே உழைப்பாளி, அவன் எங்கே? அவன் பெயர் எங்கே?

தோழர்களே, பழமைமீது கொண்ட பாசத்தால் நாம் இதைக் கேட்கவில்லை. எவன் வாழ்ந்ததற்குச் சான்று இல்லையோ, அவனுக்கு உரிமையும் இல்லை என்று சொல்லிவிடுவது எளிது. ஆகவே கேட்கிறோம்.

மயிலையை எடுத்துக்கொள்வோம். விறகும் உப்பும் ஏற்றிவந்த படகுகளுடன் பக்கிங்காம் கால்வாயின் பழைய படங்கள் இருக்கின்றன. பார்க்க அழகுதான். ஆனால் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் அந்த எட்டுக் கிலோமீட்டர் துண்டு எப்போது வெட்டப்பட்டது? 1877-78இல், தாது வருடப் பஞ்சத்திலே! ஐம்பது லட்சம் பேருக்குமேல் மாண்ட பஞ்சம் அது. பஞ்ச நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு, ஒரு கட்டத்தில், நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார் ரிச்சர்டு டெம்பிள் என்ற வெள்ளைத் துரை. பட்டினி கிடந்தவன் வெட்டினான். பட்டம் சூட்டிக்கொண்டது கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயர். பிரபு சுமந்தது ஒரு கூடை மண்ணாவது உண்டா?

அந்தப் பஞ்சத்தையும் படம் பிடித்தார்கள். ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி எடுத்த படங்களில் விலா எலும்பை எண்ணிவிடலாம். ஆனால் அந்த எலும்புக்கு உரியவன் பெயரைத் தேடினால் கிடைக்காது. கோபுரத்தின் படத்திலே கோயிலின் பெயர் இருக்கிறது, ஊரின் பெயர் இருக்கிறது. மனிதனின் படத்திலே மட்டும் 'பஞ்சத்தில் அடிபட்டோர்' என்று பொதுப்பெயர்! கல்லுக்குக் கிடைத்த மரியாதை கூலிக்குக் கிடைக்கவில்லை.

மயிலைக்கு மேற்கே, தியாகராயர் நகர். அது நமக்குப் பெருமை தரும் பெயர். நீதிக்கட்சி ஆட்சிக் காலத்தில், 1920களில் உருவான நகரம். பனகல் அரசர் பெயரிலே பூங்கா, டாக்டர் நடேசனார் பெயரிலே பூங்கா, தீரர் நாயர் பெயரிலே சாலை, உஸ்மான் பெயரிலே சாலை. தெருவெல்லாம் நம் இயக்கத்தின் முன்னோடிகள்! மறுக்கவில்லை, மகிழ்கிறோம். ஆயினும் பழைய நிலப்படத்தை விரித்துப் பாருங்கள். அங்கே நகரம் இல்லை; நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கே நெடுக நீண்டு கிடக்கிறது ஓர் ஏரி. அதைத் தூர்த்துத்தான் தெரு போட்டார்கள். மண் கொட்டியவன் பெயரிலே ஒரு சந்து உண்டா? நம்மவர் ஆட்சியானாலும் கேள்வி கேள்விதான்.

ஏரி மட்டும் தன் முகவரியை மறக்கவில்லை. 2015 டிசம்பரில் வந்தது, 2021 நவம்பரிலும் வந்தது, வீதியெல்லாம் வெள்ளமாக. தண்ணீருக்குத் தெரிந்த வரலாறு நமக்கும் தெரிந்திருக்க வேண்டாமா? பழைய படம் பரணில் போடும் பொருளல்ல, பாதுகாக்க வேண்டிய பத்திரம்!

மீண்டும் கால்வாய்க்கு வாருங்கள். 1997இல் மயிலை வரை ஓடத் தொடங்கிய பறக்கும் ரயிலுக்கு அந்தக் கால்வாயிலேயே தூண் ஊன்றினார்கள். அது வளர்ச்சி. 2022 மே மாதம், அதே கால்வாய்க் கரையில், ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகள் இடிக்கப்பட்டன. அது ஆக்கிரமிப்பு அகற்றம், உச்சநீதிமன்றத்தின் ஆணை. ஆணையைப் பற்றி நாம் வாதாட வரவில்லை. ஆனால் இப்படிப்பட்ட நாளிலே ஏழையின்முன் வந்து நிற்கும் கேள்வி எது? "எத்தனை ஆண்டாக இருக்கிறாய்? என்ன ஆதாரம்?" பங்களாக்காரர் பத்திரத்தை நீட்டுவார். குடிசைக்காரர் எதை நீட்டுவார்?

அவர் வீட்டுப் பெட்டியிலே ஒரு படம் இருக்கும். மகளின் மஞ்சள் நீராட்டு, மன்றத்துக் கொடியேற்றம், ஆலை வாசலில் வேலைநிறுத்தம், குழாயடிக் கூட்டம். பின்னணியில் தெரு இருக்கும், மின்கம்பம் இருக்கும், தேதி போட்ட சுவரொட்டி இருக்கும். பட்டாவுக்கு அது ஈடாகாது என்பது நமக்கும் தெரியும். ஆனால் ரேஷன் அட்டையோடும் வாக்காளர் பட்டியலோடும் சேர்ந்து நிற்கும்போது, "இங்கே ஒரு வாழ்வு இருந்தது" என்று அது சாட்சி சொல்லும்.

அடையாற்றுக்குப் போனால் நம்பிக்கை பிறக்கிறது. பழைய பாலத்துக்கு எல்பின்ஸ்டன் என்ற கவர்னர் பெயர். பக்கத்தில் 1973இல் எழுந்த புதிய பாலத்துக்கோ, 1918இல் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் துணைத்தலைவராக நின்ற திரு.வி.க.வின் பெயர். பெயர்கள் மாறும், நாம் மாற்றினால்!

எனவே, கிளைத் தோழர்களே, வேலை உங்களுடையது. படிப்பகத்திலே ஒரு பெட்டி வையுங்கள். தெருத் தெருவாகப் போய்ப் பெரியவர்களைக் கேளுங்கள். படத்தை வாங்கிப் பிரதி எடுத்துவிட்டு, மூலத்தை உரியவரிடமே ஒப்படையுங்கள். பிரதியின் பின்னால் பென்சிலால் எழுதுங்கள்: எந்த ஆண்டு, எந்தத் தெரு, நிற்பவர் யார், என்ன தொழில். குறிப்பாக, பெயரை எழுதுங்கள். சொல்லக்கூடியவர்கள் முதுமையில் இருக்கிறார்கள். நாளைக்கு என்று தள்ளினால் நாளைக்குக் கேட்க ஆள் இருக்காது.

கால்வாய் வெட்டியவன் பெயரை நூற்றைம்பது ஆண்டுக்கு முன்பே தொலைத்துவிட்டோம். குழாயடியில் குடத்தோடு நிற்கும் தாயின் பெயரையும் தொலைக்கலாமா?