பருப்புச் சோறு என்று சொன்ன பொய்

கோரிமேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினால் ஜிப்மர். விழுப்புரம், கடலூர் பக்கத்திலிருந்து விடியுமுன்னே கிளம்பி வந்த சனங்கள் சீட்டுக்கு வரிசை கட்டி நிற்பார்கள். பத்து மாசக் கைக்குழந்தையோடு வந்த என் அக்காவுக்குத் துணையாக அன்றைக்கு நானும் நின்றேன். குழந்தைக்கு ரத்தம் கம்மி. "கொழந்தைக்கு இன்னாம்மா சாப்பிடக் குடுக்கறே?" என்று டாக்டரம்மா தன்மையாகத்தான் கேட்டார். அக்கா பட்டென்று சொன்னாள்: "பருப்புச் சோறு, இட்லி."

அது பாதிப் பொய். ஊரில் இருந்தவரை அம்மா மாட்டு ஈரலை நன்றாக வேகவைத்து, அம்மியில் நைய அரைத்து, சோற்றில் குழைத்து ஊட்டினாள். வெளியே வந்ததும் கேட்டேன். "போடா, மாட்டு ஈரல்னு எப்பிட்றா சொல்றது? அசிங்கமா நெனப்பாங்க. டவுனுக்கு வாடகைக்கு வந்ததிலேர்ந்து அதயும் நிறுத்திட்டேன். பக்கத்து வூட்டுக்கு வாசன போவும்."

அக்கா எதை மறைத்தாளோ, அதுதான் அந்தக் குழந்தைக்கு வேண்டியிருந்தது. பிறக்கும்போது குழந்தை உடம்பில் இருக்கும் இரும்புச் சத்து ஏறத்தாழ ஆறு மாசத்துக்குத்தான் தாங்கும். தாய்ப்பாலில் இரும்பு கொஞ்சம்தான். ஆறு மாசம் வரை தாய்ப்பால் மட்டும். அதற்குப் பிறகு தாய்ப்பாலோடு திட உணவும் என்பது இதனால்தான். கறியிலும் மீனிலும் உள்ள இரும்பை உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்ளும். ஆறு மாசத்திலிருந்து இரண்டு வயது வரை கறி, மீன், முட்டை போன்றவற்றை தினமும் கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு வழிகாட்டுதல். ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம், அதனால் எப்போதாவது கொஞ்சம் போதும். மற்ற நாளில் முட்டையோ, முள் எடுத்த மீனோ, கேழ்வரகோ, கீரையோ, பருப்போ இருக்கட்டும். பருப்பு நமக்கு எதிரியல்ல. பருப்பு மட்டும்தான் கௌரவம் என்பதுதான் எதிரி.

இந்தக் கௌரவத்தை யார் கட்டினார்கள்? அன்னப்பிராசனம் என்று கோயிலில் உட்கார்த்தி வைத்துப் பாயசம் ஊட்டுகிறவர்களின் சாப்பாடு 'சுத்தம்' ஆனது. சேரியின் சட்டி 'தீட்டு' ஆனது. அரசாங்கத்துக்கும் இதே நாக்குதான். 2015இல் மத்தியப் பிரதேச அங்கன்வாடிகளில் முட்டை போடலாம் என்ற யோசனையை அப்போதைய முதல்வர் சிவராஜ் சிங் சௌகான் நிராகரித்தார். யாருடைய குழந்தைகள் அங்கன்வாடிக்குப் போகின்றன என்பது அவருக்குத் தெரியாதா? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் ஆறு மாசம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதத்துக்கு ரத்தசோகை.

வெட்கம் விட்ட இடத்தில் டப்பா நுழைகிறது. அக்காவும் செரிலாக் வாங்கினாள். இந்தியாவில் விற்கும் செரிலாக்கில் ஒரு வேளைக்குச் சராசரியாக 2.7 கிராம் சர்க்கரை சேர்த்திருந்ததாகவும், சுவிட்சர்லாந்தில் விற்பதில் சேர்க்கவில்லை என்றும் 2024இல் 'பப்ளிக் ஐ' அமைப்பு வெளியிட்டது. வெள்ளைக்காரக் குழந்தைக்கு ஒரு நீதி, நம் குழந்தைக்கு ஒரு நீதி.

"வறுமைதானே பிரச்சினை, சாதியை ஏன் இழுக்கிறீர்கள்?" என்பார்கள். வறுமை இல்லையென்று யார் சொன்னது? கூலி வேலைக்காரிக்குக் காசு மட்டுமல்ல, நேரமும் இல்லை. 2017 சட்டத் திருத்தம் தந்த 26 வாரப் பேறுகால விடுப்பு, களை எடுக்கிறவளுக்கு எட்டவில்லை. 1928லேயே பம்பாய் சட்டமன்றத்தில் பேறுகாலச் சலுகை மசோதாவை ஆதரித்துப் பேசினார் அம்பேத்கர். அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை. ஆனால் மலிவாகக் கிடைக்கிற சத்தையும் அசிங்கம் என்று தள்ளவைப்பது வறுமை அல்ல, சாதி.

தோழர்களே, மாட்டுக்கறி உண்ணும் உரிமைக்காக மேடை போடுகிறோம், விருந்து வைக்கிறோம். நல்லது. நம் வீட்டுக் குழந்தையின் கிண்ணத்தில் இன்றைக்கு என்ன இருந்தது என்று நம்மில் எத்தனை ஆம்பளைக்குத் தெரியும்? அதைக் குழைத்து ஊட்ட நம் கை எத்தனை நாள் நீண்டது? அக்கா டாக்டரம்மாவிடம் தலை நிமிர்ந்து, "ஈரல் குடுத்தேம்மா" என்று சொல்கிற நாள் வரவேண்டும். அதற்கான வேலை மேடையில் இல்லை, அடுப்படியில் இருக்கிறது.