பெஞ்சில் உட்கார்ந்தே இருந்தால் கால் எப்படிப் பழகும்?
சென்னையின் அணிக்கு 'ரெண்டாம் டீம்' வேண்டும்!

2022 செப்டம்பர் 18. கொல்கத்தா சால்ட் லேக் ஸ்டேடியம். டூரண்ட் கோப்பை இறுதி ஆட்டம். மும்பை சிட்டி அணிக்கு எதிராக முதல் கோலைத் தட்டிவிட்டவர் சிவசக்தி நாராயணன். காரைக்குடிப் பக்கத்துப் பையன். 2-1 கணக்கில் ஜெயித்துக் கோப்பையை அள்ளிக்கொண்டு போனது பெங்களூர் அணி. அந்த சீசன் முடிவில் ஐ.எஸ்.எல். போட்டியின் 'வளரும் வீரர்' பரிசும் சிவசக்திக்கே கிடைத்தது.

அதற்கு நாலு மாசம் முன்னால் அவர் எங்கே ஆடிக்கொண்டிருந்தார் தெரியுமா? பெங்களூர் கிளப்பின் ரிசர்வ் டீமில்! 2022 ஏப்ரல், மே மாதங்களில் கோவாவில் நடந்த இளைஞர் வளர்ச்சி லீக்கில் அதிக கோல் போட்டவர் அவர்தான். அந்த லீக்கையும் பெங்களூர்தான் ஜெயித்தது.

பையன் நம்ம ஊர். பட்டை தீட்டினது பக்கத்து ஊர். இதைக் கேட்டு வயிறு எரியாத சென்னை கால்பந்து ரசிகர் உண்டா?

கேள்வி இதுதான். நம் சென்னையின் எஃப்.சி. கிளப், தனக்கென்று ஒரு ரெண்டாம் டீமை வருஷம் முழுக்க நடத்த வேண்டுமா? இல்லை, அது தண்டச் செலவா?

வேண்டும் என்பதே என் கட்சி. ஆனால் ஏனோதானோ என்று அல்ல. சில நிபந்தனைகளோடு வேண்டும்.

மத்தியானக் கச்சேரி

ரிசர்வ் டீம் என்றால் என்ன என்று மயிலாப்பூர்க்காரருக்குப் பாடம் நடத்தத் தேவையில்லை. மார்கழி மாச சபாவை நினைத்துப் பாருங்கள். சாயங்காலம் பெரிய வித்வான். டிக்கெட் வாங்கக் கூட்டம். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு இளசு ஒன்று மேடை ஏறும். டிக்கெட் கிடையாது. முன்வரிசையில் நாலு மாமா, ரெண்டு மாமி, கேன்டீன் வாசனை. ஆனால் அந்த மத்தியான மேடையில் தொண்டை நடுங்கி, தாளம் தப்பி, பிறகு சமாளித்துப் பாடியவர்கள்தான் பத்து வருஷம் கழித்து சாயங்காலக் கச்சேரிக்கு வருகிறார்கள்.

மத்தியானக் கச்சேரியை நிறுத்திவிட்டால் சபாவுக்கு ஒரு வேளை மின்சாரம் மிச்சம். பத்து வருஷம் கழித்து சாயங்காலம் பாட ஆள் இருக்காது!

கால்பந்திலும் அதே கதைதான். ஐ.எஸ்.எல். ஆட்டத்தில் ஒரு அணிக்குப் பதினோரு பேர். 2021-22 சீசன் முதல் களத்தில் நாலு வெளிநாட்டார் வரை ஆடலாம் என்று வைத்தார்கள். மீதி இடம் ஏழு. அந்த ஏழுக்குத்தான் அத்தனை இந்திய ஆட்டக்காரர்களும் மோத வேண்டும். பத்தொன்பது வயசுப் பையனுக்கு அதில் எப்போது இடம் கிடைக்கும்? கடைசி அஞ்சு நிமிஷம் இறக்கிவிட்டால் பெரிய விஷயம். வாரம் பூராப் பயிற்சி, சனிக்கிழமை பெஞ்சு. இப்படி ரெண்டு வருஷம் போனால் கால் துருப்பிடித்துவிடும்.

பயிற்சி வேறு, ஆட்டம் வேறு. நீச்சல் புஸ்தகம் படித்துவிட்டு மெரினா அலையில் இறங்க முடியுமா?

ஏழே ஏழு ஆட்டம்!

சென்னையின் கிளப் ஒன்றும் புதுசு அல்ல. 2014-ல் அபிஷேக் பச்சன், தோனி, வீட்டா டானி ஆகியோரின் கிளப்பாகத் தொடங்கியது. 2015-ல் சாம்பியன். 2017-18-ல் மறுபடியும் சாம்பியன். அதே 2017-18-ல் ரெண்டாம் டீம் ஒன்றையும் ஐ-லீக் ரெண்டாம் டிவிஷனில் இறக்கியது. பெங்களூர், கேரளா, கோவா கிளப்புகளும் அப்படியே செய்தன. ஜெயித்தாலும் இந்த ரிசர்வ் டீம்களுக்கு மேல் டிவிஷனுக்குப் போக உரிமை கிடையாது என்பது விதி. 2022-ல் கோவாவில் நடந்த வளர்ச்சி லீக்கிலும் சென்னையின் இளைஞர் அணி ஆடியது.

அதெல்லாம் சரி. ஆனால் கோவா லீக்கில் மொத்தம் எட்டு அணி. ஆளுக்கு ஏழு ஆட்டம். ஒரே மாசத்தில் மூட்டை கட்டியாச்சு! ஏழு ஆட்டம் ஒரு பையனை ஆட்டக்காரன் ஆக்கிவிடுமா? ஏழு நாள் கல்லாவில் உட்கார வைத்துவிட்டுக் கடையை அவன் கையில் கொடுப்பாரா பாண்டி பஜார் முதலாளி?

பக்கத்து ஊர்க்காரர்கள் உஷாரானவர்கள். கேரளா பிளாஸ்டர்ஸ் தன் ரிசர்வ் டீமைத் தன் மாநில லீக்கிலேயே இறக்கியது. 2019-20-ல் கேரளா பிரீமியர் லீக் கோப்பையை அந்தப் பையன்களே தூக்கினார்கள். இந்தியாவுக்கு ஆடிய சஹல் அப்துல் சமதும் அந்த ரிசர்வ் டீம் வழியாக வந்தவர்தான். கொல்கத்தாவில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் உள்ளூர் லீக்குக்குப் பெரும்பாலும் இளசுகளைத்தான் அனுப்புகின்றன. ஊர் லீக்கில் ஆடினால் பையன்களுக்கு ஆட்டம் கிடைக்கிறது. ஊர் ஜனத்துக்குப் பையன்களின் பெயர் தெரிகிறது.

வெளிநாட்டில் எப்படி?

ஸ்பெயின் நாட்டில் பெரிய கிளப்புகளின் ரெண்டாம் டீம் நிஜ லீக்கிலேயே ஆடுகிறது. ஒரே ஒரு கண்டிஷன்: தாய் அணி இருக்கும் டிவிஷனுக்கு வரக்கூடாது. 1980-ல் ஒரு வேடிக்கை நடந்தது. ரியல் மாட்ரிட் கிளப்பின் ரெண்டாம் டீமான காஸ்டில்லா, அரசர் கோப்பை இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டது. எதிரே யார்? அதே ரியல் மாட்ரிட்! 6-1 என்று அப்பா ஜெயித்தார், பிள்ளை தோற்றார். ஆனாலும் பிள்ளை இறுதி வரை வந்தானே! உலகம் கொண்டாடும் மெஸ்ஸியும் பார்சிலோனாவின் மூன்றாம், ரெண்டாம் டீம்களில் ஆடித்தான் மேலே வந்தார்.

ஜெர்மனியில் பேயர்ன் கிளப்பின் ரெண்டாம் டீம் 2019-20-ல் மூன்றாம் டிவிஷன் சாம்பியனே ஆனது. விதிப்படி மேலே போக முடியாது. போகட்டும், பையன்களுக்கு அனுபவம் மிச்சம்.

இங்கிலாந்தில் வேறு வழி. பெரிய கிளப் தன் பையன்களைச் சின்ன கிளப்புகளுக்கு ஒரு வருஷக் கடனாக அனுப்பும். ஆடிப் பழகிவிட்டுத் திரும்பி வருவார்கள்.

இங்கேதான் சிலர் குறுக்கே வருகிறார்கள். "அந்த மாதிரி கடனுக்கு அனுப்பினால் போதாதா? தனி டீம் எதுக்கு?" என்று கேட்கிறார்கள்.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் எங்கே அனுப்புவது?

மாடிப்படி இடிந்த கதை

நம் ஊரிலேயே அதற்கு ஒரு கிளப் இருந்தது. பெயர் சென்னை சிட்டி. 2018-19-ல் ஐ-லீக் சாம்பியன். சொந்த ஆட்டங்களைக் கோயம்புத்தூரில் ஆடியது. உள்ளூர்ப் பையன்களை நம்பி இறக்கியது. எட்வின் சிட்னி அங்கே ஆடித் தேறிய பிறகுதான் 2019-ல் சென்னையின் அணிக்கு வந்தார். 2023 ஆகஸ்டில் டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஒரே கோல் போட்டு ஈஸ்ட் பெங்காலை ஜெயிக்க வைத்த நந்தகுமார் சேகரும் சென்னைப் பையன். முன்னாளில் சென்னை சிட்டிக்கு ஆடியவர்.

அதாவது, சென்னையின் கிளப் செய்ய வேண்டிய வேலையைச் சம்பளம் வாங்காமல் சென்னை சிட்டி செய்துகொண்டிருந்தது. 2020-21 சீசனோடு அந்தக் கிளப் ஐ-லீக்கில் இருந்து காணாமல் போனது. 2024-25 ஐ-லீக்கில் தமிழ்நாட்டு கிளப் ஒன்றுகூட இல்லை. மாடிப்படியில் நடுப்படி இடிந்துவிட்டது. கீழே நிற்கிறவன் மொட்டைமாடிக்கு எப்படிப் போவான்? பையனைக் கடனுக்குக் கொடுப்பதென்றால் கோவாவுக்கோ, மிசோரமுக்கோ, காஷ்மீருக்கோ தான் அனுப்ப வேண்டும். பட்டினப்பாக்கத்து மீனவர் வீட்டுப் பையனைப் பதினெட்டு வயசில் காஷ்மீருக்கு அனுப்ப எந்த அம்மா சம்மதிப்பார்?

அதனால்தான் சொல்கிறேன். இடிந்த படியை இனி கிளப்பே கட்ட வேண்டும்.

கிரிக்கெட்டைக் காட்டாதீர்கள்

"சூப்பர் கிங்ஸ் ரெண்டாம் டீமா வச்சிருக்கு? அது ஜெயிக்கலையா?" என்று டீக்கடையில் மடக்குகிறார்கள்.

ஐயா, கிரிக்கெட்டுக்கு அந்தக் கவலை இல்லை. தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் லீக் டிவிஷன் டிவிஷனாக நடக்கிறது. கம்பெனிகள் டீம் வைத்திருக்கின்றன. அதற்கு மேலே ரஞ்சி. 2016-ல் இருந்து டி.என்.பி.எல். வேறு. படிக்கட்டு தயாராக இருக்கிறது. ஐ.பி.எல். கிளப் மேல்படியில் நின்று கையைக் கொடுத்து இழுத்துக்கொண்டால் போதும். கால்பந்தில் அந்த வசதி எங்கே?

ஊர் கிளப்புகளின் வயிற்றெரிச்சல்

எதிர்க்கட்சிக்காரர்களிடம் இன்னொரு வாதம் இருக்கிறது. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. சென்னை சீனியர் டிவிஷன் லீக்கில் பேங்க் டீம், போலீஸ் டீம், ரெயில்வே டீம், வருமான வரி ஆபீஸ் டீம் என்று காலம்காலமாக ஆடி வருகிறார்கள். அந்த டீம்கள் எத்தனையோ ஏழை வீட்டுப் பையன்களுக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கொடுத்தவை. இந்தியன் பேங்க் டீம் அந்நாளில் தேசிய லீக் வரைக்கும் போய் ஆடியது. "பணக்கார கிளப் தன் ரெண்டாம் டீமோடு இங்கே வந்தால் எங்கள் இடமும் போச்சு, எங்கள் பையன்களும் போச்சு" என்று அவர்கள் பயப்படுவதில் தப்பே இல்லை.

ஆகவே நிபந்தனைகள் வேண்டும்:

ஒன்று: ரெண்டாம் டீமுக்கு லீக்கில் தனி இடம். இருக்கிற டீம் எதையும் கீழே தள்ளிவிட்டு உள்ளே வரக்கூடாது.

ரெண்டு: ஐ.எஸ்.எல். ஆட்டக்காரர்களை உள்ளூர் ஆட்டத்தில் இறக்கிக் கோப்பை பறிக்கக் கூடாது. காயத்தில் இருந்து தேறி வருகிறவர் ஒருவர், இருவர் ஆடட்டும். அதற்கு மேல் வேண்டாம்.

மூன்று: டீமில் பாதிப் பேராவது தமிழ்நாட்டுப் பையன்களாக இருக்க வேண்டும். ஊர் பெயரைச் சட்டையில் போட்டுக்கொண்டால் ஊருக்கு ஒரு கடமை உண்டு.

நாலு: சின்ன கிளப்பில் இருந்து பையனை எடுத்தால், வளர்த்த கிளப்புக்கு உரிய தொகை கொடுக்க வேண்டும். பந்து வாங்கிக் கொடுத்தவன் வாயில் மண்ணைப் போடக்கூடாது.

அஞ்சு: இருபத்தொரு வயசில் கழித்துவிடப்படும் பையனுக்கு ஒரு வழி காட்ட வேண்டும். படிப்பு, வேலை டீம், கோச் பயிற்சி, ஏதாவது ஒன்று. பத்தில் எட்டுப் பேர் மேலே போக மாட்டார்கள். அந்த எட்டுப் பேரும் நம் தெருப் பையன்கள்.

போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்று செய்தி சேகரிக்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். பதினெட்டில் இருந்து இருபத்திரண்டு வரைதான் பையன்கள் திசை மாறும் வயசு. அந்த நாலு வருஷம் தினம் காலை ஆறு மணிக்கு ஒரு கோச் காத்திருக்கிறார் என்றால், ராத்திரி கண்ட இடத்தில் நிற்க நேரம் இருக்காது.

இது எதற்கு இப்போது?

காரணம் இருக்கிறது. 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். சீசனே நிறுத்தி வைக்கப்பட்டது. நடத்துகிறவர்களுக்கும் அகில இந்திய கால்பந்து சம்மேளனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாததே காரணம். ஆகஸ்டில் சென்னையின் கிளப் தன் கால்பந்து வேலைகளையே நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. ஊழியர், ஆட்டக்காரர் என்று அத்தனை பேர் வீட்டிலும் கலக்கம்.

பணமுடை வந்தால் முதலில் கத்தி விழுவது எங்கே? கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான். ரிசர்வ் டீம் டி.வி.யில் வராது. டிக்கெட் விற்காது. எனவே 'கட் பண்ணு' என்று சொல்வது ரொம்ப சுலபம். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். கையில் சொந்தப் பையன்கள் நாலு பேர் தயாராக இருந்தால், வருஷா வருஷம் வெளியில் விலை கொடுத்து வாங்கும் செலவு குறையும். மளிகைக்கடைக்காரர் கஷ்ட காலத்தில் விளம்பர போர்டை எடுப்பார். விதை நெல்லை விற்பாரா?

மைதானம் பிரச்னை என்பார்கள். ஐ.எஸ்.எல். ஆட்டம் நடக்கும் நேரு ஸ்டேடியம் பெரியமேட்டில் இருக்கிறது. ரெண்டாம் டீமுக்கு அவ்வளவு பெரிய இடம் எதற்கு? நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. திடல் போன்ற ஒரு இடம் போதாதா? ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி ஆட்டம். அடையாறில் இருந்து ஒரு பஸ், தி.நகரில் இருந்து ஒரு நடை. டிக்கெட் வேண்டாம். கூட்டம் தானாக வரும்.

இந்த ஊர் ஜனத்துக்குக் கால்பந்து மேல் அக்கறை இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2024 அக்டோபரில் மாநகராட்சி ஒன்பது கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட்டு, ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வசூலிக்கத் தீர்மானம் போட்டது. என்ன நடந்தது? எதிர்ப்பு கிளம்பியது. சில நாளில் தீர்மானம் வாபஸ்! காசில்லாமல் பந்து உதைக்கும் உரிமைக்கு இந்த ஊர் குரல் கொடுத்தது.

அதே குரல் கிளப் முதலாளிகள் காதிலும் விழட்டும். கோப்பை ரெண்டு வாங்கியாச்சு, சந்தோஷம். அடுத்த கோப்பையை வாங்கித் தரப்போகிறவன் இந்த நிமிஷம் பட்டினப்பாக்கம் மணலில் வெறுங்காலோடு பந்தைத் துரத்திக்கொண்டிருக்கலாம். அவனைக் கண்டுபிடித்து சட்டை கொடுத்து, வருஷத்துக்கு இருபது, முப்பது ஆட்டம் கொடுங்கள். இல்லையென்றால் அவனையும் பெங்களூர்தான் கூட்டிப் போகும். நாம் டி.வி.யில் பார்த்துக் கைதட்ட வேண்டியதுதான்!